பழைய ஏரோமாடலிங் (மாடல் விமானம் செய்து பறக்கவிடும்) கிளப்புகளில் கிளிப் மாட்டிய பலகை எதற்கு?

எனக்கு வந்த கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது: அந்தப் பலகை எதற்கு, இப்போது வடசென்னையில் மாடல் விமானம் பறக்கவிடலாமா?

பலகை உயிர்காக்கும் ஏற்பாடு. அப்போதைய ரிமோட்டுகள் 27, 72 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் இயங்கின. ரிமோட்டிலும் விமானத்திலும் ஜோடியாகக் கிறிஸ்டல் என்ற சிறு பாகம் இருக்கும். உங்கள் சேனலை, அதாவது எந்த அலைவரிசையில் இயங்குகிறீர்கள் என்பதை, அதுதான் முடிவு செய்யும். நீங்கள் பறக்கவிடும்போது அதே சேனலில் இன்னொருவர் ரிமோட்டை ஆன் செய்தால் போதும், கட்டுப்பாடு போய்விடும். மாதக்கணக்கில் பால்சா மரத்தை அறுத்து, ஒட்டிச் செய்த விமானம் நொடியில் தரையில் கிடக்கும். கீழே ஆள் நின்றால் இன்னும் மோசம். அதனால் பலகையில் சேனலுக்கு ஒன்றாக எண் போட்ட கிளிப் இருக்கும்; தன் சேனலின் கிளிப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளாமல் யாரும் ரிமோட்டைத் தொடக்கூடாது. அந்தக் கட்டுப்பாடுதான் கிளப்பைக் கிளப்பாக வைத்திருந்தது என்பேன்.

அப்புறம் 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்தது. இதில் ரிசீவர் தன்னோடு இணைத்த ரிமோட்டின் பேச்சை மட்டுமே கேட்கும். பலகை தேவையற்றுப் போனது.

சரி, வடசென்னை. 2021 ட்ரோன் விதிகளின்படி, பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் பறக்கும் 25 கிலோவுக்கு உட்பட்டவை மாடல் வகை. 2 கிலோ வரை வணிக நோக்கம் இல்லையென்றால் ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம். ஆனால் எண்ணூர், மணலி பக்கம் துறைமுகம், அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை எல்லாம் உண்டு. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு ட்ரோன் இணையதளத்தின் வரைபடத்தில் சிவப்பு மண்டலமா (அனுமதியில்லாமல் பறக்கவிடக்கூடாத பகுதியா) என்று பார்க்காமல் போகாதீர்கள். உயரழுத்த மின்கம்பிகள் ஓடும் இடத்தையும் தவிருங்கள்.