அக்கா இன்னும் வாசலில்தான் நிற்கிறாள்

கேள்வி: நான்கு வருடங்களாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இருபது வருடத்துக்கு முன் வீட்டை விட்டுப் போன அக்கா, அப்பா இறந்த பிறகு வீட்டைப் பங்கு பிரிக்கத் திரும்பி வருகிறாள். தம்பி மட்டும் அந்த வீட்டில் இருக்கிறான். இதுதான் கதை. மூன்று அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. அவற்றைப் பதினொரு முறை திருத்தி எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கணவரிடம் வாசித்துக் காட்டுவேன். முதல் படியையும் பதினோராவது படியையும் தேதியோடு அனுப்பியிருக்கிறேன். வேலைக்குப் போகிறேன், பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிறது. இரவில் அரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. சம்பளமில்லா விடுப்பில் ஆறு மாதம் உட்கார்ந்து முடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி 26 நாளில் ஒரு நாவலை முடித்தாராமே, எனக்கு ஆறு மாதம் போதாதா? என் முன்னேற்றம் சரிதானா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விடுப்பு எடுக்காதீர்கள். இப்போது எடுத்தால் அந்த மூன்று அத்தியாயங்களுக்கும் பன்னிரண்டாவது படி வரும், பதின்மூன்றாவது வரும். ஆறு மாதமும் சம்பளமும் போயிருக்கும், நான்காவது அத்தியாயம் வந்திருக்காது.

இரண்டு படிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். தேதிகளைப் பார்த்தால், மூன்று அத்தியாயங்களையும் முதல் ஐந்து மாதத்திலேயே எழுதிவிட்டீர்கள். வேலையும் பிள்ளையும் அப்போதும் இருந்தன. அதற்குப் பிறகு மூன்றரை வருடமாக நாவல் ஒரு வரிகூட முன்னால் போகவில்லை. அக்கா வாசலில் வந்து நிற்கிறாள், கதவைத் தட்டக் கையை எடுக்கிறாள். முதல் படியிலும் அங்கேதான் முடிகிறது, பதினோராவது படியிலும் அங்கேதான். தட்டவே இல்லை.

ஏன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அவள் தட்டிவிட்டால் தம்பி கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் இருவரும் பேச வேண்டும். இருபது வருடம் பேசாதவர்கள் முதலில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் உட்கார்ந்திருப்பது கஷ்டம். அதனால் தெரிந்த இடத்துக்கே, முதல் அத்தியாயத்து மழைக்கே, திரும்பத் திரும்பப் போகிறீர்கள். மழையை வர்ணிக்க உங்களுக்கு நன்றாக வருகிறது. அங்கே கை நடுங்காது.

திருத்துவதும் எழுத்துதானே என்று கேட்பீர்கள். முடிந்த நாவலைத் திருத்துவது எழுத்துதான், அதில் சந்தேகமில்லை. முடியாத நாவலைத் திருத்தும்போது எதற்காகத் திருத்துகிறோம் என்பதே தெரியாது. எந்தச் செய்தியை முன்பே சொல்ல வேண்டும், எதை மறைத்து வைக்க வேண்டும், எந்தப் பாத்திரம் தேவையில்லை என்பதெல்லாம் கடைசி அத்தியாயம் வந்த பிறகுதான் தெரியவரும். என் முதல் நாவலில் தொடக்க அத்தியாயத்தை இரண்டு வருடம் செதுக்கினேன். நாவல் முடிந்த பிறகு பார்த்தால் கதை மூன்றாவது அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது. முதல் இரண்டையும் எடுத்துவிட வேண்டியதாயிற்று. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று உண்டு, அது இதைவிட முக்கியம். அளவுக்கு மீறித் திருத்தினால் எழுத்து கெட்டுப்போகும். உங்கள் இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு இடம். மகள் போன நாளிலிருந்து அப்பா இரவில் வாசல் தாழ்ப்பாளைப் போடுவதில்லை. அவர் இறந்த பிறகு வரும் முதல் இரவு. முதல் படியில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: “அன்றைக்குத் தாழ்ப்பாளைப் போட்டான். தூக்கம் வரவில்லை. எழுந்துபோய் எடுத்துவிட்டு வந்து படுத்தான்.” இதைப் படித்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். மூன்று சின்ன வாக்கியங்களில் அப்பா, மகன், போன மகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பதினோராவது படியில் அதே இடம் அரைப் பக்கம் இருக்கிறது. அப்பாவின் காத்திருப்பு அவன் தோளில் ஏறி உட்கார்ந்ததாம், தாழ்ப்பாளின் குளிர் அவன் குற்றவுணர்வைப் போல இருந்ததாம். வாசகருக்குத் தானாகவே தெரிந்த ஒன்றை நீங்கள் பக்கத்தில் நின்று விளக்குகிறீர்கள். முதலில் எழுதியவருக்கு வாசகர் மேல் நம்பிக்கை இருந்தது. பதினொரு முறை படித்துப் படித்து, அந்த மூன்று வாக்கியமும் உங்களுக்கே வெறுமையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. அந்த இடத்தில் முதல் படியையே திரும்ப வையுங்கள். இந்த ஒரு திருத்தத்துக்கு மட்டும்தான் இப்போதைக்கு அனுமதி.

சரி, தஸ்தயேவ்ஸ்கி. அந்த 26 நாள் கதை உண்மை. 1866 அக்டோபரில் ‘சூதாடி’ நாவலைச் சுருக்கெழுத்தாளரான அன்னாவிடம் சொல்லச் சொல்ல எழுதவைத்து முடித்தார். நவம்பர் 1-க்குள் கொடுக்காவிட்டால் ஒன்பது வருடத்துக்கு அவருடைய எழுத்துகளைப் பணம் தராமலே வெளியிடும் உரிமை பதிப்பாளருக்குப் போய்விடும் என்று ஒப்பந்தம். கழுத்தில் கத்தி. ஆனால் அதே கதையை, வெளிநாட்டில் சூதாட்டத்தில் சிக்கிக்கொண்ட ஒரு ரஷ்யனின் கதையை, 1863-இலேயே நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். மூன்று வருடம் மனதில் கிடந்த கதை அது. அவரே சூதாடித் தோற்றவர் வேறு. அந்த 26 நாளில் அவர் மழையைத் திருத்திக்கொண்டிருக்கவில்லை. தினமும் கதை அடுத்த காட்சிக்குப் போனது. அவரிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

உங்களுக்கு அவரைவிடப் பொருத்தமானவர் ஆண்டனி டிரோலப். இங்கிலாந்தில் தபால் துறையில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே பல நாவல்களை எழுதியவர். மொத்தம் 47 நாவல்கள். 1883-இல், அவர் இறந்த பிறகு வந்த சுயசரிதையில் தன் வேலை முறையை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். காலை ஐந்தரைக்கு மேசையில் இருப்பார். முதல் அரை மணி நேரம் முந்தின நாள் எழுதியதைப் படிப்பார். அப்புறம் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதுவார். வேலை விஷயமாக ரயிலில் போகும்போது மடியில் வைத்துப் பென்சிலால் எழுதுவார். மனைவி பிறகு படி எடுத்துக் கொடுப்பார். ஒவ்வொரு நாளும் எத்தனை பக்கம் எழுதினார் என்று ஒரு நாட்குறிப்பு வைத்திருந்தார். எழுதாத நாளின் வெற்றிடம் கண்ணை உறுத்த வேண்டும் என்பதற்காகவே அதை வைத்திருந்தார். அந்த நாட்குறிப்பில் புதிதாக எழுதிய பக்கங்களுக்குத்தான் கணக்கு.

உங்கள் கணக்கைப் போடுவோம். அரை மணி நேரத்தில் 150 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள், இது மெதுவான வேகம்தான். வாரத்தில் ஐந்து இரவு என்றால் 750. ஐம்பது வாரத்தில் 37,500. ஒன்றரை வருடத்தில் 56,000 தாண்டிவிடும். தமிழில் அது கனமான நாவல். நம் மொழியில் ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது ஒரே சொல், அதனால் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் சொல்லும் சொற்கணக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஆக, நேரம் இருக்கிறது. இரவில் அரை மணி நேரமே பெரிது என்றீர்கள்; உண்மையிலேயே பெரிதுதான்.

அந்த அரை மணி நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்று மட்டும் சொல்கிறேன். பழைய மூன்று அத்தியாயங்களையும் எடுத்து உங்கள் கணவரிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். டிரோலப் மாதிரி நேற்று எழுதியதைப் படிக்கலாம், அதற்கு முந்தியதைப் படிக்கக் கூடாது. முதல் அத்தியாயத்தில் மாற்ற வேண்டியது ஏதாவது நடுவில் தோன்றினால், தனியாக ஒரு சிறு நோட்டில் ஒரு வரி குறித்துவிட்டு மேலே போங்கள். பாகப்பிரிவினைச் சட்டத்தைப் பற்றிப் பதினைந்து பக்கக் குறிப்பு இணைத்திருந்தீர்கள். நாவலுக்கு அதில் அரைப் பக்கம் போதும். வக்கீல் பேசும் இடம் வந்தால் “இங்கே வக்கீல் பத்திரத்தைப் பற்றிச் சொல்கிறார்” என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த காட்சியைத் தொடருங்கள், விவரத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு இரவும் எழுந்திருக்கும்போது நாளை எழுதப்போகும் முதல் வரி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த அந்த வரியை எழுதாமல் விட்டுவிட்டுப் படுக்கப் போங்கள். மறுநாள் அலுவலகத்திலும் அது உங்கள் கூடவே இருக்கும்.

உங்கள் கணவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினொரு முறை பொறுமையாகக் கேட்டிருக்கிறார், நல்ல மனிதர். ஆனால் இனி அவரால் அந்த அத்தியாயங்களைப் புதிதாகக் கேட்க முடியாது. உங்களுக்குக் கிடைத்த முதல் வாசகரை மூன்று அத்தியாயத்துக்கே செலவழித்துவிட்டீர்கள். மீதி நாவல் அவருக்குத் தெரியாமல் வளரட்டும், முடிந்த பிறகு முழுதாகக் கொடுங்கள். நண்பர்களிடம் கதை சொல்வதையும் நிறுத்துங்கள். சொல்லிவிட்டால் சொல்லியாகிவிட்டது என்று மனசு ஓய்ந்துவிடும்.

நான்காவது அத்தியாயம் மோசமாக வரும். இருவரும் மரக்கட்டை மாதிரி பேசுவார்கள். தம்பி, அவன் சொல்லவே மாட்டாத ஒன்றைச் சொல்வான். அப்போது உங்களுக்கே “இவன் இப்படிப் பேச மாட்டானே” என்று தோன்றும். தோன்றுகிறதே, அந்தக் கணத்தில்தான் அவன் யார் என்று உங்களுக்கு முதன்முதலாகத் தெரியும். மோசமான பக்கத்தை எழுதினால்தான் அது கிடைக்கும், மழையைப் பதினைந்து முறை எழுதினாலும் கிடைக்காது.

முன்னேற்றம் சரிதானா என்று கேட்டிருந்தீர்கள். மூன்றரை வருடமாக இல்லை. ஆனால் தாழ்ப்பாளைப் பற்றி அந்த மூன்று வாக்கியம் எழுதியவரால் இந்த நாவலை முடிக்க முடியும் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன். நம்பாவிட்டால் நாலு வரியில் பதில் சொல்லியிருப்பேன்.

உங்கள் பிரதிகளைத் திருப்பி அனுப்பவில்லை, என்னிடமே இருக்கட்டும். இன்றிரவு அக்கா கதவைத் தட்டட்டும். தம்பி வந்து திறந்ததும் முதலில் என்ன சொல்கிறான் என்பதை மட்டும் ஒரு அஞ்சலட்டையில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.