விண்வெளிச் சுற்றுலா வளர்ந்தால் கொடைக்கானல்காரர்களுக்கு என்ன கிடைக்கும்?

ராக்கெட் ஏறுவது கோடீஸ்வரர் சமாசாரம். 2001-இல் அமெரிக்கத் தொழிலதிபர் டென்னிஸ் டிட்டோ சுமார் 2 கோடி டாலர் கொடுத்துப் போய்வந்தார். நமக்குக் கட்டுப்படியாவது தரையில் நின்று வானம் பார்க்கும் சுற்றுலாதான். வானம் பார்ப்பது இங்கே புதிதுமல்ல. சூரிய ஆய்வகம் 1899-இல் வந்தது. எவர்ஷெட் விளைவை, அதாவது சூரியக் கரும்புள்ளியில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை, கண்டுபிடித்ததும் இங்கேதான், 1909-இல்.

நட்சத்திரம் பார்க்க வருபவர் ராத்திரி தங்கியாக வேண்டும். அதனால் காசு ஏரிக்கரை ஓட்டல்களோடு நிற்காமல் பூம்பாறை, மன்னவனூர் மாதிரி மலைக்கிராமங்கள் பக்கமும் போகும்: பூண்டுக் கட்டு தொங்கும் வீட்டில் ஓர் அறை வாடகை, அப்புறம் சாப்பாடு. சிக்கலும் அங்கேதான். ரிசார்ட் வாசலில் ஒரு ஃபோகஸ் லைட் மேலே பார்த்து எரிந்தால் பால்வீதி காணாமல் போய்விடும். கோடையில் தெருவே குடத்தோடு நிற்க, விருந்தாளிக்கு வெந்நீர்க் குளியல் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?