"கதை படிச்சு என்னா வேல கிடைக்கும்?": ஹட்டன் அம்மா ஒருவருக்கு

அக்கா, மகள் தமிழ் படிக்கப் போனால், கதை படித்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பாதிப் பேச்சில் எழுந்து போய்விட்டீர்கள். மீதியை எழுதுகிறேன்.

மகளின் கொப்பியை இரண்டு தரம் வாசித்தேன். ஒரு சிறுகதையைப் பற்றி எழுதியிருக்கிறாள். கொழும்பில் கடையில் வேலை செய்யும் பெண் தீபாவளிக்குத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வருகிறாள். முன்பெல்லாம் "சாப்பிட்டியா புள்ள" என்ற அப்பா அன்றைக்கு "சாப்பிட்டாச்சா" என்கிறார். அந்தச் சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடிட்டு, "நீயும் இல்லை, நீங்களும் இல்லை. யாரைக் கேட்கிறார் என்றே இதில் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறாள். அப்பாவுக்கு மனத்தாங்கல் என்று கதையில் ஒரு வரியும் கிடையாது. வினைச்சொல்லின் முடிவை வைத்தே பிள்ளை அதைப் பிடித்துவிட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்படிப் பார்ப்பதற்கென்றே படிப்பு இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உணர்ச்சிகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நந்நான்கு காரணம் சொல்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அந்த அப்பாவின் கேள்வியை நான் இழவில், அதாவது ஒன்றை இழந்ததால் வரும் அழுகையில்தான் வைப்பேன். 1960இல் பிரௌன், கில்மன் என்ற இருவர் ஐரோப்பிய மொழிகளின் நீ, நீங்கள் வேறுபாட்டை அதிகாரம், நெருக்கம் என்று பிரித்து ஆராய்ந்தார்கள். தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு வளர்ந்தவளுக்கு அது சட்டென்று பிடிபடும்.

யாழ்ப்பாணம், களனிப் பல்கலைக்கழகங்களில் மொழியையே ஆராயும் மொழியியல் படிப்பு இருக்கிறது. ஆனாலும் பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாக எடுப்பதையே முதலில் சொல்வேன். அந்தரம் அவசரம் என்றால் ரயிலேறி வீட்டுக்கு வந்துவிடலாம்.

வேலை விஷயத்தை மறைக்க மாட்டேன். பட்டத்தை மட்டும் நம்பி நியமனத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை நீங்களும் பார்க்கிறீர்கள். அதனால் இன்றிலிருந்தே சிங்களமும் ஆங்கிலமும் படிக்கட்டும். 1987இல் தமிழும் அரச கரும மொழியானது. ஆனாலும் அரச அலுவலகத்தில் தமிழில் ஒரு கடிதம் வாங்க நம் ஆட்கள் இன்னும் அலைகிறார்கள். அதனால் மொழிபெயர்க்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அரசாங்க மொழிபெயர்ப்பாளர் சேவைக்குப் போட்டிப் பரீட்சை உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் தமிழையும் சிங்களத்தையும் கணினியில் மொழிபெயர்க்கும் ஆய்வு நடக்கிறது. "சாப்பிட்டாச்சா" பாசமா, கோபமா என்று கணினிக்குச் சொல்லிக்கொடுக்கவும் மகளைப் போல் வாசிக்கிறவர்கள் வேண்டும்.

கொப்பி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேடும் வெளியானதும் மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். விருப்ப வரிசையை உட்கார்ந்து நிதானமாக நிரப்புவோம். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டே வாருங்கள்.