வேட்டைக்கு அழைக்கும் நண்பர்களும் எச்-1பி விசாவும்

கேள்வி: டெக்சாஸில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். அக்டோபரில் அலுவலக நண்பர்களோடு கொலராடோ மலைக்காட்டுக்கு எல்க் மான் வேட்டைக்குப் போகத் திட்டம். எனக்கு இதுவே முதல் வேட்டை. ஒரு நண்பர் ரைஃபிள் இரவல் தருகிறார். வரும் சனிக்கிழமையே பயிற்சிக் கூடத்தில் சுட்டுப் பழகலாம் என்கிறார். இன்னொருவர், "உனக்கு எதற்கு லைசென்ஸ் செலவு? நீ சுட்டால், என் உரிமத்தோடு வந்த அட்டையை, அதாவது டேக்கை, அந்த மானின் உடலில் கட்டிவிடலாம்" என்கிறார். எச்-4 விசாவில் இருக்கும் என் மனைவியும் முகாமுக்கு வருகிறார். போகலாமா ஐயா?

பதில்: போகலாம். ஆனால் அந்தச் சனிக்கிழமைப் பயிற்சியை இன்றே ரத்து செய்யுங்கள். எனக்குக் காட்டைவிட அந்தப் பயிற்சிக் கூடம்தான் கவலை தருகிறது.

உங்கள் நண்பர்கள் குடிமக்களாகவோ கிரீன் கார்டு பெற்றவர்களாகவோ இருக்கலாம். நீங்கள் தற்காலிக விசாக்காரர். அப்படிப்பட்டவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டத்தில் குற்றம். சொந்தமாக வாங்கியிருக்க வேண்டியதில்லை. இரவல் துப்பாக்கி கையில் இருந்தாலும் போதும். 2022 முதல் இதற்கு அதிகபட்சம் 15 ஆண்டுச் சிறை. தண்டனை பெற்றால் நாடுகடத்தவும் அது காரணமாகும். தெரிந்தே கொடுத்த நண்பரும் குற்றவாளிதான்.

இந்தத் தடைக்கு விலக்குகள் உண்டு. உங்களுக்குப் பொருந்துவது, ஏதேனும் ஒரு மாநிலம் சட்டப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். எனவே முதலில் டெக்சாஸிலேயே வேட்டைக் கல்விப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெறுங்கள். கொலராடோ அதை ஏற்கும். அடுத்து டெக்சாஸ் வேட்டை உரிமம் எடுங்கள். அது சட்டைப் பையில் இருக்கும்போது பயிற்சிக் கூடத்துக்குப் போங்கள். டெக்சாஸின் ஆண்டு உரிமம் ஆகஸ்ட் 31-ல் முடிகிறது என்பதால் தேதியைப் பார்த்து வாங்குங்கள். எல்க் சுடுவதற்குக் கொலராடோவின் எல்க் உரிமம் தனியாக வேண்டும்.

2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கு இப்படித்தான் தொடங்கியது. மாணவர் விசாவில் வந்து, படிப்பில் தேறாமல் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட இளைஞர், பயிற்சிக் கூடம் ஒன்றில் சுட்டுப் பழகினார். அதற்கே வழக்கு. தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு உங்களுக்குக் கைகொடுக்காது. எச்-1பி விசாவில் இருப்பது எனக்கே தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாதே! அந்த இளைஞரின் நிலையிலிருந்து இன்னொன்றையும் கவனியுங்கள்: வேலை போய், அவகாச நாட்களும் கடந்து, சட்டப்படியான நிலையை இழந்துவிட்டால் வேட்டை உரிமமும் உங்களைக் காப்பாற்றாது.

டேக் யோசனையை அடியோடு மறந்துவிடுங்கள். ஒருவர் சுட்ட விலங்குக்கு இன்னொருவர் டேக் கட்டுவது கொலராடோவில் குற்றம். சுட்டவர் தன் டேக்கில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு அந்த உடலில் கட்ட வேண்டும். முறைகேடாகக் கொன்ற மானின் இறைச்சியை டெக்சாஸுக்கு ஏற்றி வந்தால், மாநிலக் குற்றத்தோடு, அப்படிக் கொன்ற விலங்கை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவதைத் தடுக்கும் 1900-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமான லேசி சட்டமும் சேர்ந்துகொள்ளும். நண்பர் பிரியத்தில்தான் சொல்கிறார். ஆனால் அபராதத்தோடு அவர் வீடு திரும்பலாம்; உங்களுக்கோ அது அடுத்த விசா நேர்காணலிலும் கேள்வியாக வந்து நிற்கும்.

காட்டில், இடுப்புக்கு மேல் குறைந்தது 500 சதுர அங்குலம் பளிச்சிடும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை வேண்டும், தொப்பியும் அதே நிறத்தில். ரைஃபிளின் அறையில் (சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் இடம்) தோட்டாவோடு வண்டியில் ஏறக் கூடாது. கொம்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலை விட்டுவிட்டு வருவது கடும் குற்றம்.

உங்கள் மனைவி தாராளமாக வரட்டும். ஆனால் உரிமம் இல்லாத அவருக்கும் அதே தடைதான். முகாமில் யாராவது, "இதைக் கொஞ்சம் பிடியுங்கள், ஒரு படம் எடுக்கலாம்" என்று ரைஃபிளை நீட்டுவார்கள். அவர் அதை வாங்கக் கூடாது. கிளம்பும் முன்பே அவரிடம் சொல்லிவையுங்கள்.