மருமம்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆண்டு காலமான என் தாத்தாவின் கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் மூன்று சொற்கள் எழுதியிருந்தன: குலகுரு, கலகம், மர்மம். மாமா அதைச் சித்தர் மந்திரம் என்று சொல்லி யாரையும் தொடவிடவில்லை. ஆனால் தாத்தா ஒவ்வொரு தீபாவளிக்கும் பன்னிரண்டு சீட்டுகளைப் பரப்பிச் செய்த வித்தை எனக்கு நினைவிருக்கிறது. அண்மையில் இணையத்தில் அதே வித்தையை இருபது சீட்டுகளிலும் நான்கு இலத்தீன் சொற்களிலும் செய்யக் கண்டேன். தாத்தாவின் சொற்கள் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. ஆனால் அவருடைய சொற்களை வைத்துச் செய்தால் ஐந்து ஜோடிக்குத்தான் இடம் இருக்கிறது. ஆறாவது ஜோடி நிற்க இடமில்லை. (மூன்றாவது சொல்லை 'மருமம்' என்று பிழையாக எழுதியிருந்தார். நான் திருத்தியிருக்கிறேன்.) இது இலத்தீனிலிருந்து செய்த அரைகுறை மொழிபெயர்ப்புதானா? இந்த வித்தையின் மூலம் எது? 21 சீட்டு வித்தையும் இதே குடும்பமா?

க., செந்தூல்

அன்புள்ள க.,

முதலில் அந்தத் திருத்தத்தை அழியுங்கள். மற்றவை பிறகு.

தாத்தா எழுதியபடியே எழுத்தெண்ணிப் பாருங்கள். கு, ல, கு, ரு. க, ல, க, ம். மூன்றாவது ம, ரு, ம, ம். கு இரண்டு, க இரண்டு, ம இரண்டு, ல இரண்டு, ரு இரண்டு, ம் இரண்டு. ஆறு ஜோடி, ஆறு எழுத்து. எதுவும் மிஞ்சவில்லை, எதுவும் குறையவில்லை. நீங்கள் 'மர்மம்' என்று திருத்தியதும் முதல் சொல்லின் ரு துணையில்லாமல் நின்றுவிட்டது. ஆறாவது ஜோடியின் இடத்தை நீங்களே அழித்துவிட்டு, தாத்தா அரைகுறை என்று எனக்கு எழுதுகிறீர்கள். படித்தபோது கோபம் வந்தது. பேனாவைக் கையில் எடுக்கும் முன் அகராதியை எடுத்திருக்க வேண்டும். மருமம் பழைய சொல். மார்புக்கும் உயிர்நிலைக்கும் அந்தப் பெயர் உண்டு. நீங்கள் எழுதிய மர்மத்தின் தமிழ் வடிவமும் அதுவே. உங்கள் தாத்தா மர்மம் என்று எழுதத் தெரியாமல் மருமம் என்று எழுதவில்லை. அவருக்கு ரு வேண்டியிருந்தது.

வித்தை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பன்னிரண்டு சீட்டுகளை இரண்டிரண்டாக ஆறு ஜோடியாகப் பரப்புகிறோம். பார்ப்பவர் ஒரு ஜோடியை மனத்தில் வைத்துக்கொள்கிறார். ஜோடி கலையாமல் வாரி எடுத்து, வரிசைக்கு நான்காக மூன்று வரிசை வைக்கிறோம். உங்கள் சீட்டுகள் எந்த வரிசைகளில் இருக்கின்றன என்று கேட்கிறோம். அவ்வளவுதான் கேள்வி. மேசைமேல் அந்த மூன்று சொற்களும் நம் மனக்கண்ணுக்கு மட்டும் எழுதியிருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியையும் ஒரே எழுத்தின் இரண்டு இடங்களில் வைத்திருக்கிறோம். முதல் வரிசை, மூன்றாம் வரிசை என்றால் ரு. இரண்டாம் வரிசை மட்டும் என்றால் க. ஆறு பேர் ஆறு ஜோடியை நினைத்தாலும் ஆறு பேருக்கும் விடை சொல்லலாம்.

மாமாவின் சித்தர் கதையை விட்டுவிடுங்கள். 21 சீட்டு வித்தைக்கும் இதற்கும் உறவில்லை. ஏழேழாக மூன்று குவியல், நினைத்த சீட்டு உள்ள குவியலை ஒவ்வொரு முறையும் நடுவில் வைக்க வேண்டும், மூன்றாவது முறை முடிந்ததும் அது பதினோராவதாக வந்து நிற்கும். அதில் எண் மட்டும்தான் வேலை செய்கிறது. எந்த ஊருக்கும் அப்படியே எடுத்துப் போகலாம். ஜோடி வித்தையை அப்படி எடுத்துப் போக முடியாது. நான் இன்று சொல்ல வந்ததே இதுதான்.

மூலம் எது என்று கேட்டீர்கள். பாஷே என்ற பிரெஞ்சுக்காரர் 1612இல் வெளியிட்டு, 1624இல் விரித்துப் பதிப்பித்த கணித விளையாட்டு நூலில் இதன் கணக்கு இருக்கிறது. எத்தனை வரிசையோ அதைவிட ஒன்று கூடுதலாக ஒவ்வொரு வரிசையிலும் சீட்டு வைக்க வேண்டும். இரண்டு வரிசைக்கு ஆறு சீட்டு, மூன்றுக்குப் பன்னிரண்டு, நான்குக்கு இருபது, ஐந்துக்கு முப்பது. நீங்கள் பார்த்த இலத்தீன் சொற்கள் மூட்டூஸ், நோமென், டெடிட், கோக்கிஸ். சொல்லுக்கு ஐந்து எழுத்து, பத்து எழுத்துகளும் இரண்டிரண்டு முறை. யாரோ யாருக்கோ பெயர் கொடுத்தான் என்பதுபோல ஒலிக்கும், அதற்குமேல் பொருள் இல்லை. ஆங்கிலத்தில் இதையே பைபிள், அட்லஸ், கூஸ், தை என்று செய்கிறார்கள். வேதநூல், உலகப்படம், வாத்து, தொடை! இலத்தீன் வரியில் வாத்து எங்கே இருந்தது? ஆங்கிலக்காரன் இலத்தீனை மொழிபெயர்த்தான் என்று நீங்கள் சொல்வீர்களா? ஒரு சொல்கூட அங்கிருந்து இங்கு வரவில்லை. வந்தது வெறும் பன்னிரண்டு கட்டமோ இருபது கட்டமோதான். கட்டத்தை நிரப்ப ஒவ்வொரு மொழிக்காரனும் தன் மொழிக்குள்ளேயே தேட வேண்டும். இதே பாஷேதான் கிரேக்கக் கணித மேதை தியோபாந்தஸின் நூலை 1621இல் இலத்தீனில் மொழிபெயர்த்து வெளியிட்டவர். கணித அறிஞர் ஃபெர்மா தம் கடைசித் தேற்றத்தைப் பற்றிய புகழ்பெற்ற குறிப்பை எழுதியது அந்தப் பதிப்பின் ஓரத்தில்தான். மொழிபெயர்ப்பு என்ற சொல்லை அப்படிப்பட்ட உழைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா செய்தது வேறு வகை உழைப்பு.

அதன் கடினம் எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

1968இல் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றில் என் பாட்டி இறந்தார். பிணம் வீட்டில் இருந்த அந்த இரவு பெரியவர்கள் தகரக் கொட்டகையின் கீழ் கறுப்புக் கோப்பி குடித்துக்கொண்டு விழித்திருந்தார்கள். எனக்கு ஒன்பது வயது, பயம். பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன கையோடு என் அத்தை ஒரு பழைய சீட்டுக்கட்டை எடுத்து வந்து, என்னையும் மற்றப் பிள்ளைகளையும் லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், வாசற்படியில் உட்கார வைத்தார். ஆறே ஆறு சீட்டு. மூன்று ஜோடியில் ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு வரிசையில் மும்மூன்றாக வைத்தார். வைக்கும்போது உதடு மட்டும் அசைந்தது. விடியும்வரை எங்களை ஏமாற்றினார். காட்டுக்குப் போய்வந்த பிறகு, அழுது வீங்கிய முகத்தோடு, என் காதில் அந்த இரண்டு சொற்களைச் சொன்னார். "குருகு கருக."

கு ரு கு, க ரு க. அத்தை மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். லயத்தில் யாரும் குருகு என்று சொல்ல மாட்டார்கள், கொக்கு என்பார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு சங்கப் பாடலில் அந்தப் பறவையைக் கண்டபோது அத்தை வாயில் அது எப்படி வந்தது என்று திகைத்தேன். பிறகு கொக்கின் எழுத்தை எண்ணினேன். கொ, க், கு. மூன்றும் வேறு வேறு. கொக்கை வைத்து இந்த வித்தை நடக்காது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, எழுத்தெண்ணி, கொக்கைத் தள்ளிவிட்டுக் குருகைத் தேடி எடுத்திருக்கிறார்.

அந்த ஆளைப் போலத்தான் நானும் உட்கார்ந்தேன். பினாங்குக்குக் குடிவந்த பிறகு, ஜெலுத்தோங்கில் என் வீட்டுத் திண்ணையில், மூன்று வரிசைக்கான தமிழ்ச் சொற்களை இருபது ஆண்டுகள் தேடினேன். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்து. நமக்கு க வேறு, கா வேறு, கி வேறு, கு வேறு, க் வேறு. ஓர் எழுத்து அப்படியே திரும்பி வரும் நாலெழுத்துச் சொல்லே அரிது. அது கிடைத்தாலும் மிச்ச இரண்டு எழுத்துகள் மற்ற இரு சொற்களோடு கைகோக்க வேண்டும். 'கனகம்' கிடைத்தது. 'சரசம்' கிடைத்தது. அவற்றுக்கு ம் பொதுவாக அமைந்தது. மூன்றாவது சொல்லுக்கு ன வேண்டும், ர வேண்டும், ஓர் எழுத்து இரட்டிக்க வேண்டும். வரவே இல்லை. மாலைமாற்று, சுழிகுளம் என்று எழுத்தை வைத்தே விளையாடும் பாட்டுகளைக் கட்டிய மொழியில் இது முடியாமலா போகும் என்று என்னையே நொந்துகொண்டு, ஒரு நாள் நோட்டை மூடிவைத்தேன்.

இப்போது புரிகிறதா, உங்கள் கடிதம் எனக்கு என்ன செய்தது என்று? நான் இருபது ஆண்டு தேடிய வரி செந்தூலில் ஒரு கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் கிடக்கிறது. அதை எனக்கு அனுப்பிய நீங்களே அதன் நடு நரம்பை அறுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அடைப்புக்குறிக்குள் அந்த ஒரு வாக்கியத்தை எழுதாமல் விட்டிருந்தால் நானும் 'மர்மம்' என்று படித்து, பழையபடி நோட்டை மூடியிருப்பேன். எழுதினீர்களே, அதற்கு என் நன்றி. நேற்று இரவு பன்னிரண்டு சீட்டுகளை எடுத்து என் மனைவிக்கும் பேரனுக்கும் செய்து காட்டினேன். ஆறு ஜோடியும் நின்றன. பேரன் நினைத்தது ரு ஜோடி.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? அத்தையின் சொற்களில் இருப்பவை கு, ரு, க என்ற மூன்று எழுத்துகள்தான். அந்த மூன்றும் தாத்தாவின் வரியில் இருக்கின்றன. கு அங்கும் முதல் வரிசையில்தான் இரட்டிக்கிறது, க அங்கும் இரண்டாவதில்தான். இரண்டு வரிசையை மூன்றாக வளர்த்தவருக்கு ரு மூன்றாவது வரிசைக்கு நகர வேண்டியிருந்தது, அதற்காகத்தான் மருமம். தற்செயலாக இருக்கலாம். ஒரே கை செய்த இரண்டு வேலைகள் என்று நம்பவே எனக்கு மனம் போகிறது. யார் சொல்லிக்கொடுத்தது என்று பிறகொரு நாள் அத்தையிடம் கேட்டேன். பெயர் சொல்லவில்லை. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் ஒரு சின்னக் கிராணி இருந்தார், சம்பள நாளன்று கைநாட்டு வாங்கும்போது பிள்ளைகளுக்குச் சீட்டு வைத்துக் காட்டுவார் என்று மட்டும் சொன்னார்.

தாத்தாவின் புத்தகம் எந்தத் தோட்டத்துக் கணக்கு என்று நீங்கள் எழுதவில்லை. பின்னட்டையைத் திருத்தாமல் அப்படியே படமெடுத்து அனுப்புங்கள், முன்னட்டையையும் சேர்த்து. உள்பக்கங்களின் ஓரங்களையும் பொறுமையாகப் புரட்டிப் பாருங்கள். ஐந்தெழுத்துச் சொற்கள் நான்கு ஒன்றன்கீழ் ஒன்றாக எங்காவது இருந்தால், எழுத்துப் பிழையாகத் தெரிந்தாலும் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல் எழுதுங்கள்.