பாதியில் நிற்கும் அப்டேட்

கேள்வி: என் மென்பொருளை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் தருகிறேன். அப்டேட் இறங்கும்போது இணைப்பு அறுந்தால் சிலருக்குப் பழைய பதிப்பும் திறப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பழைய கோப்புகளின் மேலேயே புதியதை எழுதுகிறீர்கள் என்று தோன்றுகிறது. முதலில் அதை நிறுத்துங்கள். வேலைக்கு நடுவில் ஒருவர் கையில் எதுவுமே இல்லாமல் நிற்பதை என்னால் ஏற்க முடியாது. புதிய பதிப்பைத் தனி ஃபோல்டரில் முழுதாக இறக்கி, கோப்பு உங்களிடமிருந்து மாறாமல் வந்ததா என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே பழையதன் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். புதியது ஒரு முறை ஒழுங்காகத் திறக்கும்வரை பழையதும் இருக்கட்டும். விண்டோஸில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பு மேல் எழுத முடியாது. மாற்றும் வேலையை ஒரு சிறு தனி நிரலிடம் விடுங்கள்.

மேக்கில் கையொப்பத்தோடு ஆப்பிளின் நோட்டரைசேஷனும் (தீங்கான நிரல் இருக்கிறதா என்று ஆப்பிள் சோதித்துத் தரும் ஒப்புதல்) வேண்டும். லினக்ஸுக்கு, நீங்கள் ஆதரிப்பதில் மிகப் பழைய பதிப்பில் பில்ட் செய்யுங்கள். லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் (glibc) புதிய பதிப்போடு பில்ட் செய்தது, பழைய ஜிலிப்சி உள்ள கணினியில் ஓடாமல் போகலாம்.

அப்புறம், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பவே அனுப்பாதீர்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான ஒரு அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகள் திணறின. அந்த அப்டேட் படிப்படியாகப் போயிருந்தால் பாதிப்பு எவ்வளவோ குறைந்திருக்கும். நீங்கள் நூற்றில் ஒருவருக்கு அனுப்பி ஒரு நாள் பொறுங்கள். கிராஷ் அறிக்கைகள் கூடினால் மற்றவர்களுக்குப் போகாமல் நிறுத்தும் வசதியை இப்போதே சர்வரில் வைத்துவிடுங்கள்.