அறுந்த பெல்ட் இருக்கட்டும், அறாத பெல்ட்டைத் தொடாதீர்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது ஏர்-கூல்டு டுகாட்டி பைக், இரண்டு சிலிண்டர் வி-ட்வின். ஒரு ஒர்க்‌ஷாப்பில் மேஜர் சர்வீஸுக்கு விட்டு, சிலிண்டருக்கு ஒன்றாக வால்வுகளை இயக்கும் இரண்டு டைமிங் பெல்ட்டையும் மாற்றச் சொன்னேன். மூன்று வாரம் என்றவர்கள் மூன்று மாதம் இழுத்தடித்தார்கள். போன் எடுப்பதில்லை, நேரில் போனால் எகத்தாளப் பேச்சு. வண்டி கைக்கு வந்து 900 கிலோமீட்டர் ஓடியிருக்கும், முன் சிலிண்டர் பெல்ட் அறுந்து நின்றுவிட்டது. பில்லில் ஆயில், ஃபில்டர், பிளக், வால்வு கிளியரன்ஸ் எல்லாம் இருக்கிறது, பெல்ட் இல்லை. 'நீங்கள் மாற்றச் சொல்லவே இல்லை' என்கிறார்கள். வண்டி இப்போது வேறொரு மெக்கானிக்கிடம் நிற்கிறது. எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்து, அந்தச் செலவையும் மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: முதலில் அந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டு, "நான் சொல்லும்வரை கை வைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

உங்கள் கடிதத்தில் பாதி, தாமதமும் எகத்தாளமும். ஆதங்கம் நியாயம்தான். ஆனால் மறுப்புச் சொல்லாமல் வண்டியை வாங்கி, முழுப் பணமும் கட்டி, 900 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அதற்குப் பெரிய மதிப்பில்லை. மன உளைச்சலை மனுவில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். அதை நம்பி வழக்கு நடத்த முடியாது.

கேள்வி ஒன்றுதான்: அந்த ஒர்க்‌ஷாப் பெல்ட்டில் கை வைத்ததா, இல்லையா?

'மாற்றச் சொன்னேன்' என்பது உங்கள் வாய்வார்த்தை, 'சொல்லவில்லை' என்பது அவர்கள் வாய்வார்த்தை. பில் அவர்கள் பக்கம் நிற்கிறது. வண்டியை விட்ட நாளில் அனுப்பிய வாட்ஸ்அப்போ வாய்ஸ் நோட்டோ இருந்தால் தேடி எடுங்கள். இல்லாவிட்டாலும் பாதகமில்லை, அதே பில்லில் உங்களுக்கு உதவும் ஒரு வரி இருக்கிறது: வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வு இடைவெளி சரிபார்ப்பு. இந்த எஞ்சினில் வால்வைத் திறக்க ஒரு ராக்கர் (நெம்பு), மூட இன்னொரு ராக்கர். இரண்டு பக்கமும் ஷிம் என்னும் சிறு உலோகத் துண்டு வைத்து அளவு பார்க்க வேண்டும். ராக்கரைத் தள்ளும் கேம் தடையில்லாமல் சுற்ற வேண்டும் என்பதால் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் பெரும்பாலான மெக்கானிக்குகள் அந்த வேலையைச் செய்வார்கள். அப்படியென்றால் பெல்ட்டைக் கையில் எடுத்து, பார்த்து, திரும்ப மாட்டியிருக்கிறார்கள். பழைய பெல்ட் என்றால் 'இதன் ஆயுள் முடிந்தது' என்று எழுத்தில் எச்சரித்திருக்க வேண்டும். கிலோமீட்டர் குறைவு என்று அவர்கள் தப்பிக்கவும் முடியாது, வண்டி நின்றுகொண்டே இருந்தாலும் பெல்ட்டுக்கு வயதாகும். 'மாற்றவில்லை' என்று வழக்காடுவதைவிட 'கழற்றி மாட்டியவர் கவனமில்லாமல் மாட்டினார், எச்சரிக்கவும் இல்லை' என்று வழக்காடுவது வலுவானது. சேவைக் குறைபாடு என்பது இதுதான்.

இதை நிரூபிக்கும் சாட்சி அறுந்த பெல்ட் என்று நினைப்பீர்கள். அதுவும் வேண்டும்தான். பல் உதிர்ந்திருக்கிறதா, பல்லுக்கு இடையில் வெடித்திருக்கிறதா, எண்ணெய் ஊறியிருக்கிறதா, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் புல்லியின் பேரிங் இறுகி அதைத் தின்றுவிட்டதா என்பதை அது காட்டும். பேரிங்தான் காரணம் என்று வந்தால் உங்கள் கதையே மாறிவிடும், அதற்கும் தயாராக இருங்கள். ஆனால் முதல் சாட்சி, பின் சிலிண்டரில் இன்னும் முழுசாக நிற்கும் அந்த இன்னொரு பெல்ட். இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்றுவார்கள். அதன் முதுகில் உள்ள அச்சு, தேய்மானம், மெக்கானிக் வைத்த பெயின்ட் புள்ளி எல்லாம் புதியதா பழையதா என்று சொல்லும். அதைவிட முக்கியம் டென்ஷன். எவ்வளவு இழுத்து மாட்டினார்கள் என்பதை அது மாட்டிய நிலையில் இருக்கும்போதுதான் அளக்க முடியும். டென்ஷனர் போல்ட்டை ஒருமுறை தளர்த்திவிட்டால் அந்தச் சாட்சி செத்தது.

என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர் இப்படித்தான் ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் கொட்டினார். பெல்ட் அறுந்து பிஸ்டனில் மோதி வளைந்த வால்வு இரண்டு, அந்த மோதலில் பிறைநிலா மாதிரி வடு விழுந்த பிஸ்டன் ஒன்று. வண்டி அதற்குள் சரியாகி ஓடிக்கொண்டிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒரே கேள்வி: "இவை இந்த எஞ்சினிலிருந்து வந்தவை என்று எப்படித் தெரியும்?" பதில் இல்லை. இரண்டாவது மெக்கானிக்கின் கடிதத்தை நீட்டினோம். பிரித்தவரும் அவர், பழுதுக்குப் பணம் வாங்கியவரும் அவர், தொழிலில் போட்டியாளரும் அவர். நிபுணர் கருத்து என்று அதை யார் ஏற்பார்கள்? நுகர்வோர் ஆணையம் நிபுணரிடம் அனுப்பலாம் என்றால் அனுப்பப் பொருள் வேண்டுமே.

ஆகவே வண்டி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஒர்க்‌ஷாப்புக்கு நோட்டீஸ்: இன்ன தேதியில், இன்ன இடத்தில், இரு தரப்பும் பார்க்க எஞ்சின் கவர் திறக்கப்படும், வராவிட்டால் வீடியோ பதிவோடு திறக்கப்படும். திறப்பவர் பழுதை ஏற்கப்போகிறவராக இல்லாமல் மூன்றாம் நபராக இருக்கட்டும். எஞ்சின் எண்ணில் தொடங்கி வெட்டில்லாமல் ஒரே வீடியோ. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் பையில் போட்டு, இருவர் கையெழுத்தோடு சீல். இரண்டாவது மெக்கானிக்கின் எஸ்டிமேட்டில் இப்போதே கையெழுத்துப் போடாதீர்கள். வேலை செய்துவிட்டுக் கூலி வராவிட்டால் வண்டியைப் பிடித்துவைக்க அவருக்கு ஒப்பந்தச் சட்டத்தில் உரிமை உண்டு. ஒரு தகராறே போதும், இரண்டு வேண்டாம்.

ரேஸ் டிராக்கில் ஓட்டி வீடியோ போட்டிருக்கிறீர்களா? அழிக்கவும் வேண்டாம், புதிதாகப் போடவும் வேண்டாம். அழித்தால் மறைத்தீர்கள் என்பார்கள். ஒர்க்‌ஷாப்பைத் திட்டி எழுதுவதையும் நிறுத்துங்கள். அவதூறு என்று எதிர்நோட்டீஸ் வந்தால் பேரம் அங்கேயே படுத்துவிடும்.

பேரம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் ஜெயித்தாலும் கிடைப்பது பழுதுச் செலவும் கொஞ்சம் மேல்பணமும்தான். புது பெல்ட்டின் விலை எப்படியும் உங்கள் தலையில்தான், அதை நீங்கள் முதலிலேயே கொடுத்திருக்க வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டு அவகாசம் இருப்பதால் அவசரமில்லை. ஆனால் தீர்ப்பு வரும்வரை ஹெட் பிரிந்த வண்டி ஒரு மூலையில் கிடக்கும். கூட்டு ஆய்வில் அந்தப் பின் பெல்ட் பழையது என்று தெரிந்த மறுநாளே அவர்களோடு உட்காருங்கள். ஸ்பேர் பார்ட்ஸ் அவர்கள் செலவு, பெல்ட்டும் கூலியும் உங்கள் செலவு, வேலை நடப்பது மூன்றாவது ஒர்க்‌ஷாப்பில் என்று வந்தால் நான் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். பேச்சுவார்த்தைக் கடிதம் ஒவ்வொன்றிலும் 'வழக்குரிமைக்குப் பாதகமின்றி' என்று எழுதுங்கள். 'முழுமையான இறுதித் தீர்வு' என்ற தாளில் கையெழுத்து, எஞ்சின் சூடேறி, ஒரு நீண்ட ஓட்டம் முடித்து, ஆறி, மறுபடி ஸ்டார்ட் ஆன பிறகு.